கூடு கிடைக்காத துப்பாக்கிகள்

2003 வாக்கில் காத்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில் பூட்டிக் கிடந்த நேபாள ராணுவத்தின் ஆயுதக் கிடங்கை இரண்டு அமெரிக்க வியாபார நிறுவனங்கள் மொத்தமாக விலை பேசி வாங்கின. எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் அப்பிய பல்லாயிரம் துப்பாக்கிகள் கப்பலேறின. விக்டோரியா மகாராணி காலத்துப் பிரிட்டிஷ் படை ஏந்திய மார்டினி-ஹென்றி ரைஃபிள்களும், அதைப் பார்த்து நேபாளிகளே செய்துகொண்ட கஹேந்திரா ரைஃபிள்களும் அவற்றில் இருந்தன. 1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கி அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் வெறும் பழம்பொருள். ஆகவே ஆர்வலர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். பிசுக்கைச் சுரண்டி, குழலைத் துடைத்து முடித்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது: தோட்டாவுக்கு எங்கே போவது?

மார்டினி-ஹென்றி 1871இல் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தது. அதன் தோட்டாவுக்கு .577/450 என்று பெயர். 31 கிராம் ஈயக் குண்டு, ஐந்தரை கிராம் கரிமருந்து, புட்டிபோல் இடுப்பு பெருத்துக் கழுத்து சிறுத்த பெரிய கூடு. எந்தப் பெரிய தொழிற்சாலையும் இதை வழக்கமாகச் செய்வதை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. விடை பிரேசிலிலிருந்து வந்தது. அந்நாட்டின் சிபிசி நிறுவனம், மேக்டெக் என்ற பெயரில், நாட்டுப்புற வேட்டைக்காரர்களுக்காக முழுப் பித்தளையால் ஆன ஷாட்கன் தோட்டாக் கூடுகளைச் செய்து விற்கிறது. அவற்றில் 24 கேஜ் என்ற அளவின் குழல் விட்டம் ஏறத்தாழ .58 அங்குலம். மார்டினித் தோட்டாவுக்குத் தாயான பழைய ஸ்னைடர் துப்பாக்கியின் விட்டம் .577 அங்குலம். அந்த ஷாட்கன் கூட்டின் மேற்பகுதியை அச்சுக்குள் படிப்படியாக அழுத்திச் சுருக்கினால் மார்டினித் தோட்டாக் கூடு வந்துவிடுகிறது. வெட்டிக் குட்டையாக்கினால் ஸ்னைடருக்கே ஆகிறது. லண்டன் போர்த்துறையின் துப்பாக்கி ஒன்று இன்று சுடுவது பிரேசில் வேட்டைக்காரனின் தயவில்.

அரிதான ரைஃபிளுக்குப் பித்தளைக் கூடு தேடுவதில் அடங்கிய மொத்தச் சிக்கலும் இந்த ஒரு கதையில் இருக்கிறது. தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள்: குண்டு, மருந்து, தீப்பொறி கொடுக்கும் ப்ரைமர், இவற்றைத் தாங்கும் கூடு. 8 மி.மீ. குண்டு பல நாட்டு ரைஃபிள்களுக்கும் பொருந்தும். ஈயத்தை உருக்கி வீட்டிலேயே வார்க்கவும் செய்கிறார்கள். மருந்து பொதுப்பொருள். ப்ரைமர் சில அளவுகளில் கடையில் கிடைக்கிறது. கூடு மட்டும் ஒரே ஒரு துப்பாக்கி அறைக்கென்று பிறந்தது. ஆனால் நான்கில் மறுபடி மறுபடி பயன்படுவதும் அது ஒன்றுதான். தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ளும் ரீலோடிங் என்ற பழக்கமே அதை நம்பித்தான் நடக்கிறது. ஆகவே ஒரு பழைய ரைஃபிள் சுடுமா, சுவரில் தொங்குமா என்பதைக் கூடுதான் தீர்மானிக்கிறது. அந்தக் கூடு கிடைப்பது தோட்டாவின் புகழையோ வலிமையையோ பொறுத்ததல்ல. அதன் அடிப்பகுதி எத்தனை மி.மீ. அகலம் என்பதைப் பொறுத்தது என்றே நான் சொல்வேன்.

காரணம் செய்முறையில் இருக்கிறது. தோட்டாப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, அந்தக் கிண்ணத்தை இழுத்து நீட்டி, காய்ச்சி இளக்கி, மறுபடி இழுத்து, கடைசியில் அடியை நெற்றியடியாக அடித்துத் தட்டையாக்குகிறார்கள். அடி தடிமனாகவும் கெட்டியாகவும் இருக்கும். வாய் மெலிந்தும் இளகியும் இருக்கும். சுடும்போது மெல்லிய சுவர் விரிந்து அறைச் சுவரோடு ஒட்டி வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்கி வெளியே வர இடம் கொடுக்கிறது. கழுத்தைச் சுருக்கலாம், விரிக்கலாம். தோளைப் பின்னுக்குத் தள்ளலாம். நீளத்தை வெட்டலாம். அடியை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. விளிம்பைக் கொஞ்சம் கடைந்து குறைக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே தேடுகிறவன் முதலில் பார்ப்பது குடும்பத்தை. 1888இல் ஜெர்மனி ஏற்ற 8×57 தோட்டாவின் அடி ஏறத்தாழ 12 மி.மீ. 1892இன் 7×57, 1905இன் 9.3×62, அமெரிக்கப் படையின் 1906ஆம் ஆண்டுத் தோட்டாவான .30-06, அதிலிருந்து 1925இல் வந்த .270, பின்னர் வந்த .308, .243 எல்லாவற்றுக்கும் அதே அடி. உலகத்தில் அதிகம் சிந்திக் கிடக்கும் வேட்டைக் கூடு அநேகமாக இதுதான். பெல்ஜியமும் அர்ஜென்டினாவும் பயன்படுத்திய 7.65×53 மவுசர் ரைஃபிளை வைத்திருப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை; .30-06 கூட்டை அச்சில் அழுத்தி வெட்டினால் போதும். இன்னொரு பெரிய குடும்பம் அமெரிக்காவின் 1873ஆம் ஆண்டு .45-70. .33 வின்செஸ்டர், .38-56, .40-82 என்று மறைந்துபோன தோட்டாக்கள் பலவும் அதன் கழுத்தைச் சுருக்கிப் பிறந்தவை. மூலக்கூடு இன்றும் புதிதாகக் கிடைப்பதால் அவையும் சாகவில்லை.

குடும்பமில்லாத அநாதைகள் கதை வேறு. இத்தாலியின் 6.5 கர்கானோ அடி சுமார் 11.4 மி.மீ. கோடிக்கணக்கான அமெரிக்கக் கூடுகளின் நடுவே அதற்குச் சொந்தமென்று ஒன்றுகூட இல்லை. கென்னடி கொலையால் உலகமே பெயரறிந்த ரைஃபிள். ஆனால் அந்தப் புகழால் ஒரு கூடுகூடக் கிடைத்ததில்லை. ஜப்பானின் 6.5 அரிசாகாவும் அதே நிலையில் இருந்திருக்கும். ஆனால் 1935இல் வின்செஸ்டர் கொண்டுவந்த .220 ஸ்விஃப்ட் என்ற சிறு வேட்டைத் தோட்டாவின் அடி தற்செயலாகப் பொருந்தியது. சுவிட்சர்லாந்தின் 7.5×55க்கு 1963ஆம் ஆண்டின் .284 வின்செஸ்டர் கைகொடுத்தது: உடல் 12.7 மி.மீ., விளிம்பு மட்டும் 12. பிரான்சின் 8 மி.மீ. லெபெல் 1886இல் வந்தது, புகையில்லா மருந்தில் ஓடிய முதல் ராணுவத் தோட்டா. அதற்கு ஐம்பது வருடம் இளையதான .348 வின்செஸ்டரின் கூடு ஆகிறது. இப்படி எது எதற்கு ஆகும் என்ற அறிவை ஜான் டொனெலி என்ற அமெரிக்கர் 1987இல் ஒரு தடித்த புத்தகமாகத் தொகுத்தார். அளவுப் படங்களும் அட்டவணைகளும் நிறைந்த அதைப் பழைய ரைஃபிள்காரர்கள் பஞ்சாங்கம்போல் புரட்டுகிறார்கள்.

சில நேரம் தேடுவது கண்ணெதிரே வேறு பெயரில் இருக்கும். 1907இல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி ரைஃபிளின் தோட்டா .275 ரிக்பி. கேட்டால் அரிய சரக்குபோல் இருக்கிறது. உண்மையில் அது 7×57 மவுசரேதான். 1912இன் .22 சாவேஜ் ஹை-பவரை அமெரிக்கா எப்போதோ மறந்துவிட்டது. ஐரோப்பாவில் அதே தோட்டா 5.6×52ஆர் என்ற பெயரோடு மான் வேட்டைக்குப் போகிறது, செக் நாட்டுக் கூடு வாங்கலாம். .25-35 வின்செஸ்டருக்கு அங்கே 6.5×52ஆர் என்று பெயர்.

இதற்கு நேரெதிரான விசித்திரமும் உண்டு. ரஷ்யாவின் 7.62×54ஆர் 1891 முதல் இன்றுவரை படையில் இருக்கிறது, மலைமலையாகச் சுடப்படுகிறது. ஆனால் அந்த மலையில் பெரும்பகுதி அரக்குப் பூசிய எஃகுக் கூடு, அதுவும் எளிதில் கழற்ற முடியாத பெர்டான் வகை ப்ரைமர் போட்டது (அதைப் பின்னால் விளக்குகிறேன்). நிரப்பவே எடுக்க மாட்டார்கள். நல்ல பித்தளைக் கூடு வேண்டுமானால் பின்லாந்தின் லபுவா, சுவீடனின் நார்மா, செர்பியாவின் பிர்வி பார்ட்டிசான் என்று காசு கொடுத்து வாங்க வேண்டும்.

தோட்டா அரிதாவதற்கு அரசாங்கமும் காரணமாகலாம். இந்தியாவின் கதை அப்படிப்பட்டது. 1907இல் பிரிட்டிஷ் அரசு .450 விட்டத் தோட்டாக்கள் இந்தியாவுக்கும் சூடானுக்கும் போகத் தடை போட்டது. கலகக்காரர்கள் கையிலிருந்த மார்டினி-ஹென்றிகளுக்கு அந்தக் குண்டும் மருந்தும் போய்ச் சேரும் என்ற பயம். ரீலோடிங் செய்பவன் யோசிக்கிற மாதிரியே ஆட்சியாளர்களும் யோசித்திருக்கிறார்கள். யானை, காட்டெருமை வேட்டைக்கு வந்த துரைமார்களிடம் .450 விற்று வந்த லண்டன் கடைகள், சட்டத்துக்குத் தப்பிய புதிய விட்டங்களை ஆளுக்கொன்றாக வடித்தன: .470, .500/465, .475, .476. ஒரே ஆணை ஒரே வேலைக்கு அரை டஜன் தோட்டாக்களைப் பெற்றுப் போட்டது. அவற்றில் .470 பிழைத்துப் பரவியது, மற்றவை அரிதாயின. அவற்றைச் செய்துவந்த ஐசிஐ நிறுவனத்தின் கைனாக் பிரிவு இந்தப் பெருந்தோட்டாக்களைக் கைவிட்டபோது லட்சக்கணக்கில் விலை பெறும் இரட்டைக் குழல் ரைஃபிள்கள் உணவில்லாத யானைகளாகிவிட்டன. 1980களில் அமெரிக்காவின் ப்ராஸ் எக்ஸ்ட்ரூஷன் லேபரட்டரீஸ், பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்ட்ராம், 1990களில் கைனாக் பெயரையே உரிமம் பெற்றுப் புதுப்பித்த கைனம்கோ ஆகியவை கூடு செய்துதான் அவற்றை மீட்டன.

ராணுவத்தின் .303 விட்டமும் இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை. அதனால் நம் அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்குச் செய்த வேட்டை ரைஃபிளின் விட்டம் .315. அந்தத் தோட்டா 1890இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை ஏற்ற 8×50ஆர் மான்லிகரின் வாரிசு. வியன்னாவில் பேரரசு போய் நூறாண்டு கடந்தும் அதன் படைத் தோட்டா நம் நாட்டில் புதிதாக அச்சேறுகிறது. உத்தரப் பிரதேசக் குற்றச் செய்திகளில் அடிக்கடி வரும் "315 போர்" நாட்டுத் துப்பாக்கியும் அதைத்தான் தின்கிறது. அதே தோட்டாவுக்காக அமெரிக்காவில் மான்லிகர் வைத்திருப்பவர் ரஷ்ய 7.62×54ஆர் கூட்டை வாங்கி வெட்டிக்கொண்டிருக்கிறார். இங்கே உரிமம் பெற்றவருக்குத் தொழிற்சாலைத் தோட்டா உண்டு. தானே நிரப்ப வழியில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தோட்டா உற்பத்திக்குத் தனி உரிமம் வேண்டும். இந்தக் கட்டுரை பேசும் கைவேலையெல்லாம் அதை அனுமதிக்கும் நாடுகளில் நடப்பது.

புதுக்கூடு செய்யும் தொழிற்சாலைகளுக்கு வருவோம். இவை அரிய கூடுகளை நாள்தோறும் அடிப்பதில்லை. ஒரு அளவுக்கு எந்திரத்தை மாற்றிப் பொருத்தி, ஒரே ஓட்டத்தில் பல ஆண்டுத் தேவையை அடித்துக் குவித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். தீர்ந்தால் அடுத்த ஓட்டம் எப்போதென்று விற்பனையாளருக்கும் தெரியாது. 2020இல் அமெரிக்காவில் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது எல்லா எந்திரங்களும் 9 மி.மீ., .223 பக்கம் திரும்பின. அதே ஆண்டு ரெமிங்டன் நிறுவனம் திவாலானது. பழைய தோட்டாக்காரர்கள் வரிசையின் கடைசிக்குப் போனார்கள். இவர்களுக்கு அதிகம் உதவியது யார் என்று கேட்டால், என் கணக்கில் 1928 முதல் உஜிட்சே நகரில் இயங்கும் பிர்வி பார்ட்டிசான்தான். லெபெல், 8×56ஆர், பிரெஞ்சு 7.5, அநாதை என்று சொன்ன அந்தக் கர்கானோ எல்லாவற்றையும் எளிய விலைக்குக் கொண்டுவந்தது. நார்மா கூடு இன்னும் நேர்த்தி, விலையும் அதற்கேற்ப. பெர்ட்ராம் வேறு யாரும் தொடாதவற்றைச் செய்கிறது. அதன் தரம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது என்ற முணுமுணுப்பும் உண்டு. சில நேரம் சினிமா செய்கிற வேலையைத் தொழிற்சாலை நினைத்தும் பார்த்திருக்காது: 1990இல் வந்த 'குவிக்லி டவுன் அண்டர்' படத்தில் நாயகன் ஏந்திய ஷார்ப்ஸ் .45-110க்குப் பிறகு அந்தக் காட்டெருமைத் தோட்டாக்களுக்கு ஒரு புதுச் சந்தையே உருவானது.

பழைய சரக்கு வாங்குவது மலிவு போலத் தோன்றும். அங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். பழைய ப்ரைமரில் பாதரசச் சேர்மம் இருந்தது. கரிமருந்துக் காலத்தில் அந்தப் பாதரசம் கரியோடு கலந்து போய்விட்டது. புகையில்லா மருந்து வந்தபின் அது நேராகப் பித்தளைக்குள் இறங்கி நொறுங்கும்படி ஆக்கியது. பார்வைக்குத் தங்கம்போல் மின்னும், சுட்டால் உடையும். சுடாத தோட்டாவும் நம்பத்தக்கதல்ல. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் படை மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தது; தொடாமலே கூடுகள் கீறிப் பிளந்தன. மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் 1921இல் காரணத்தை விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், இழுத்து நீட்டியபோது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்தால் பிளவு. கழுத்தை மிதமாகக் காய்ச்சினால் இறுக்கம் தணியும். அம்மோனியா கலந்த பளபளப்புத் திரவத்தால் பழங்கூட்டைத் தேய்க்காதே என்று இன்றும் சொல்வது இதனால்தான். குத்துவிளக்குக்குப் புளி போடுவது போல மெல்லிய எலுமிச்சை அமிலம் போதும்.

பெர்டான், பாக்ஸர் தகராறும் இங்கே சேர்ந்துகொள்கிறது. 1866இல் அமெரிக்கரான ஹைரம் பெர்டான் ஒரு ப்ரைமர் முறையையும், பிரிட்டிஷ் அதிகாரி எட்வர்ட் பாக்ஸர் இன்னொன்றையும் கொண்டுவந்தார்கள். பெர்டான் முறையில் அடைகல் கூட்டோடு சேர்ந்தது, தீத்துளை இரண்டு. பாக்ஸர் முறையில் அடைகல் ப்ரைமருக்குள், நடுவில் ஒரே துளை. ஊசியை விட்டுத் தள்ளினால் பழையது விழுந்துவிடும். அமெரிக்கன் செய்தது ஐரோப்பாவுக்கும், ஆங்கிலேயன் செய்தது அமெரிக்காவுக்கும் போனது வேடிக்கை. சுவிஸ் ராணுவத்தின் அருமையான ஜிபி11 தோட்டா முழுதும் பெர்டான். கூட்டில் தண்ணீர் நிரப்பி மேலிருந்து அடித்து ப்ரைமரைக் கழற்றும் ஆட்கள் இருக்கிறார்கள். புது பெர்டான் ப்ரைமரைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

ஆகவே பலர் இன்னொரு கூட்டிலிருந்து உருவாக்கும் வழிக்கே வருகிறார்கள். ஒரே அழுத்தில் கழுத்தைச் சுருக்கினால் மடிப்பு விழும். இரண்டு மூன்று அச்சுகளில் இறக்க வேண்டும், நடுவே கழுத்தைக் காய்ச்சி இளக்க வேண்டும். அடிக்கு அந்தச் சூடு எட்டவே கூடாது. இளகிய அடி அழுத்தம் தாங்காது. வாயு சுடுகிறவர் முகத்தை நோக்கித்தான் வரும். கடைசி உருவத்தைச் சிலர் துப்பாக்கி அறையிலேயே எடுக்கிறார்கள்: குண்டு இல்லாமல், கொஞ்சம் மருந்துக்கு மேல் உப்புமா ரவையை அடைத்துச் சுட்டுக் கூட்டை விரிப்பது. அறையைவிட அடி சிறுத்த கூட்டுக்கு முதல் சுடலில் மெல்லிய நாடாவைச் சுற்றி நடுவில் நிறுத்துவதும் உண்டு. இதுவரை பரவாயில்லை. கூட்டின் அடியில் பொறித்த எழுத்து மட்டும் மாறாது. .30-06 என்று பொறித்த கூட்டில் 7.65 மவுசர் ஒளிந்திருக்கும். செய்தவருக்குத் தெரியும், அவர் இறந்தபின் பெட்டியைத் திறக்கும் பேரனுக்குத் தெரியாது. பெட்டியின் மேலும் உள்ளேயும் எழுதி வைக்காதவர் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பது என் கட்சி.

லேத்தில் கடைந்த கூடு கடைசிப் புகலிடம். கடைசலுக்கு ஏற்ற பித்தளைக் கம்பியில் ஈயம் கலந்திருக்கும். அழகாகச் சீவும், ஆனால் தோட்டாப் பித்தளையைப்போல் விரிந்து சுருங்காது. அழுத்தம் குறைந்த கரிமருந்துத் துப்பாக்கிக்கு ஆகும். புகையில்லா மருந்துக்கு அதை நம்ப மாட்டேன்.

கூடு கிடைத்த பிறகும் அது எத்தனை நாள் உழைக்கும் என்பது துப்பாக்கியின் அறையைப் பொறுத்தது. பிரிட்டிஷ் .303 லீ-என்ஃபீல்டு சேற்றிலும் மண்ணிலும் இயங்குவதற்காகத் தாராள அறையோடு செய்யப்பட்டது. கூடு விளிம்பில் தங்கி முன்னால் நீள்கிறது. சில சுடலுக்குள் அடிக்கு மேலே ஒரு பளிச்சென்ற வளையம் தெரியும். அதுதான் உடையப்போகும் இடம். கூடு மலிந்த தோட்டாவுக்கே இந்த நிலை என்றால், ஒவ்வொன்றையும் கையால் உருவாக்கியவர் உடலை விட்டுக் கழுத்தை மட்டும் அளவுபடுத்தி, மருந்தை மட்டாக வைத்து, இருக்கிற கூட்டை நீட்டித்துத்தான் சுட வேண்டும்.

கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ ஏலத்தில் பழைய ரைஃபிள் ஒன்றைப் பார்த்து மனம் இழுக்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. குழலில் பொறித்த பெயரை நம்பாதீர்கள். பழைய துப்பாக்கிகளின் அறையை இடையில் யாராவது வேறு தோட்டாவுக்கு அகட்டியிருப்பது சகஜம். குறைந்த வெப்பத்தில் உருகும் செரோசேஃப் என்ற உலோகக் கலவையை அறையில் ஊற்றி, துப்பாக்கி மெக்கானிக்கைக் கொண்டு அச்செடுத்து, அடியிலிருந்து கழுத்துவரை அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவுக்குக் கூடு இன்று யாரிடம் விற்பனைக்கு இருக்கிறது என்று பாருங்கள். இருந்தால் அந்த ரைஃபிளின் ஆயுளுக்குப் போதுமான கூடுகளை, ஒரே ஓட்டத்தில் வந்ததாகப் பார்த்து, முதலில் வாங்குங்கள். ரைஃபிளுக்குப் பணம் அதன் பிறகு.